பானை அண்ணனின் முடியாத தனி

பினாங்குத் தீவில் பானை அண்ணன் தட்டிப் பார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கவர்னர் துரையின் தலை. துரை ஒரு தடவை துறைமுகத்துக்கு வந்து, வெயில் தாங்காமல் தொப்பியைக் கழற்றியபோது அண்ணனின் வலது கை விரல் தானாக மடங்கியதாகவும், பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பிடித்து நிமிர்த்தியதாகவும் சொல்வார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் அண்ணனை அறிந்தவன் என்ற முறையில் முழுக்க நம்புகிறேன்.

மற்றபடி எல்லாவற்றையும் தட்டினார். சுவர், கதவு, தூண், தேங்காய், பீப்பாய், தண்ணீர்த் தாழி எதுவும் தப்பவில்லை. என் தலையும் தப்பவில்லை. நான் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, டத்தோ கிராமாட்டில் ஒரு மாடி அறையில் குடியேறிய முதல் நாள். ஜப்பான்காரன் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையிலிருந்து ஒட்டடைக் கம்பு மாதிரி ஒருவர் வந்து நின்றார்.

"தம்பி, கொஞ்சம் குனி."

பெரியவர் சொல்கிறாரே என்று குனிந்தேன். டொக், டொக் என்று இரண்டு தட்டு.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. உள்ள நல்லா காத்தோட்டமா இருக்கு."

அதுதான் எங்கள் அறிமுகம். அவருடைய சொந்தப் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. தமிழர்களுக்குப் பானை அண்ணன். மலாய்க்காரர்களுக்கு 'பாங் பெரியோக்', அதாவது அதே பானை அண்ணன்தான். சீனர்கள் வாயில் அந்த 'அண்ணே' வெறும் 'ஆனே' ஆயிற்று.

அவர் கட வித்துவான். மானாமதுரையில் சுட்ட கடம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறியவர். ஏழு நாள் பயணத்தில் கண்ணை மூடவில்லையாம். "நான் உருண்டா எழுந்துக்குவேன். அது உருண்டா எழுந்துக்காது" என்பார். ஆனால் கடத்தை நம்பிப் பினாங்கில் வயிறு வளர்க்க முடியுமா? ஆகவே ஒரு சீனத் தௌக்கேயின், அதாவது முதலாளியின், ஜாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலிலிருந்து ஜாடிகள் வந்து இறங்கும். அண்ணன் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தட்டுத் தட்டி, "இது நல்லது, இதில விரிசல்" என்று பிரித்து வைப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அவர் விரலுக்குத் தெரியும்.

எனக்கோ இந்த வித்தை என்ன என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. ஒரு நாள் தௌக்கே அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து முப்பது ஜாடிகளைத் தட்டினேன். முப்பதும் ஜாடிச் சத்தம்தான் போட்டன. முப்பத்தோராவது ஜாடி உடைந்தது. அதற்குப் பிறகு தௌக்கே என்னைக் கடைக்குள் விடவில்லை.

அண்ணனுடைய ஆர்வம் ஜாடியோடு நிற்கவில்லை. டுரியான் காலத்தில் பாலிக் புலாவ் தோட்டக்காரர்கள் ஆளனுப்பி அவரை அழைத்துப் போவார்கள். மற்றவர்கள் பழத்தை முகர்ந்து பார்ப்பார்கள், ஆட்டிப் பார்ப்பார்கள். இவர் கத்திப் பிடியால் ஒரு தட்டுத் தட்டி, எத்தனை சுளை என்று சொல்லிவிடுவார். பிளந்து பார்த்தால் சரியாக இருக்கும். ஒரு தடவை மட்டும் ஒரு சுளை குறைந்தது. அண்ணன் விடவில்லை. பழத்தைத் தூக்கி வந்தவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் வழியில் ஒன்றைத் தின்றிருந்தான்.

காப்பிக் கடை ராவுத்தர் கதை இதைவிடப் பெரிது. ராவுத்தர் ஒரு காலையில் சட்டையில்லாமல் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பானை அண்ணன் பின்னால் போய் முதுகில் தட்டினார். வலது பக்கம் ஒரு தட்டு, இடது பக்கம் ஒரு தட்டு, மறுபடியும் இடது பக்கம்.

"ராவுத்தரே, இடது பக்கம் கீழ தண்ணி நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போங்க லா."

"யோவ், நான் என்ன உன் தௌக்கேயோட ஜாடியா? போய்யா!"

மூன்று நாள் அண்ணனுக்குக் காப்பி கிடையாது. நான்காம் நாள் ராவுத்தருக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அவருடைய முதுகில் கையை வைத்து, விரலால் தட்டிப் பார்த்து, இடது பக்கம் நீர் கோத்திருக்கிறது என்றார். உடம்பு தேறி வந்த ராவுத்தர் கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னார்: "அந்த டாக்டருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல. நம்ம பானண்ணே மாதிரியே தட்டுறான்யா!" அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை ராவுத்தரே சட்டையைக் கழற்றிவிட்டு, அண்ணன் வருகிற வழியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் துறைமுகத் தொழிலாளிகள் தங்கியிருக்கும் நீள வீடுகளுக்குப் போவார். யாரும் கூப்பிடுவதில்லை. இவராகப் போவார். தண்ணீர்த் தாழிகளைத் தட்டுவார். மூடியில்லாத தாழியில் கொசுப்புழு நெளிந்தால் கவிழ்த்துவிட்டு, தானே பலகை வெட்டி மூடி செய்து வைப்பார். காய்ச்சல்காரர்களின் முதுகைத் தட்டி, தேவைப்பட்டவர்களை ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். பிறகு ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு கூரை உத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். பினாங்கின் ஈரத்துக்கும் கறையானுக்கும் மரம் வெளியே மாப்பிள்ளை மாதிரி நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. "இது நல்லது. இது செத்துப்போச்சு, மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டே போவார். சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஜனங்களுக்கு அவர் வருவது ஒரு வேடிக்கை. பிள்ளைகள் அவர் பின்னாலேயே சுவரைத் தட்டிக்கொண்டு போகும்.

இவ்வளவு செய்கிற மனிதருக்கு ஒரே ஒரு குறை. அது தனி ஆவர்த்தனம்.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாடகர் பாடி நிறுத்துவார். மிருதங்கமும் கடமும் மட்டும் மாறி மாறி வாசிக்கும். அதுதான் தனி. தாளக்காரர்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கிற இடம். அதே நேரத்தில்தான் நம் ரசிகர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காப்பி குடிக்க எழுந்து போவார்கள். தனி முடிகிற சத்தம் கேட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்வார்கள். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. பினாங்கில் நாங்கள் நடத்திய சங்கீத சபையிலும் அப்படித்தான். நான் சபையின் உதவிக் காரியதரிசி. காப்பி என் பொறுப்பு. ஆகவே அந்தப் பாவத்தில் எனக்கு நேரடிப் பங்கு உண்டு.

"இருபது வருசமா வாசிக்கிறேன் தம்பி. தனி ஆரம்பிச்சா எனக்குத் தெரியிறதெல்லாம் முதுகுதான். இந்த ஊர்ல யாரு முதுகு எப்படியிருக்கும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். ஒரே ஒரு தனி, ஒண்ணே ஒண்ணு, மொகத்தப் பாத்து வாசிக்கணும் லா" என்று அண்ணன் ஒரு நாள் சொன்னார்.

அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தச் சமயத்தில் சபைக்கு ஒரு தந்தி வந்தது. ஊரில் பெரிய பெயர் எடுத்த பாகவதர் ஒருவர் சிங்கப்பூருக்குப் போகிறார். அவருடைய கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கில் நின்று, மாலையில் புறப்படும். நடுவில் ஒரு கச்சேரி செய்யச் சம்மதம். எங்கள் காரியதரிசிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அவர் ஒரு வக்கீல் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல்.

சபைக்குச் சொந்த இடம் கிடையாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசிக் கிட்டங்கியின் கீழ்த்தளத்தில்தான் கச்சேரி நடத்துவோம். இந்தத் தடவை கீழ்த்தளம் முழுக்க அரிசி மூட்டை. காரியதரிசி யோசிக்கவே இல்லை. "எல்லாத்தையும் மாடிக்கு ஏத்து!" என்றார். சனிக்கிழமை பூராவும் ஆட்கள் மூட்டை சுமந்தார்கள். மாடியில் இடம் போதாமல் மிச்சத்தை முன்வாசல் கதவை அடைத்து அடுக்கினோம். பக்கவாசல் ஒன்று போதும் என்றார் காரியதரிசி. இரண்டு பேர் தோளோடு தோள் உரசிப் போகலாம். அதைத் தாண்டினால் முற்றம், முற்றத்தில் என் காப்பி அண்டாக்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானை அண்ணன் மூங்கில் கழியோடு வந்தார். நடு உத்திரத்தைத் தட்டினார். தள்ளி நின்று தட்டினார். முகம் மாறிவிட்டது.

"காரியதரிசி ஐயா, நடு உத்திரம் உள்ள செத்துப்போச்சு. கறையான். மேல இருக்கிற மூட்டையெல்லாம் எறக்குங்க."

"பாகவதர் பன்னெண்டு மணிக்கு வர்றாரு. இப்ப மூட்டை எறக்கணுமா?"

"இல்லாட்டி முற்றத்துல வச்சுக்கலாம்."

"பாகவதர வெயில்ல உக்கார வைக்கச் சொல்றீரா? போன மாசம் என் வீட்டு ஊஞ்சல் பலகையத் தட்டிட்டு ஒடியும்னீரு. இன்னைக்குக் காலையிலகூட ஆடிட்டுத்தான் வந்தேன். போய் உம்ம வேலையப் பாரும்!"

வேலையைப் பார்க்கும்படிதான் ஆயிற்று. பாகவதரோடு வந்த கடக்காரர் நாகப்பட்டினத்தில் படுத்தவர், பினாங்கு வந்தும் எழுந்திருக்கவில்லை. கடல் அவரைப் பிழிந்து போட்டிருந்தது. காரியதரிசி வேறு வழியில்லாமல் பானை அண்ணனிடம் வந்து, "நீரே உக்காரும்" என்றார்.

அண்ணன் மேலே உத்திரத்தைப் பார்த்தார். கையில் இருந்த கடத்தைப் பார்த்தார். அந்த மனிதர் மனசில் அப்போது என்ன ஓடியது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என்னிடம் மெதுவாக, "ஒருவேளை தாங்கும் தம்பி. தாங்கினாலும் தாங்கும்" என்றார். இருபது வருஷ ஆசை, பாருங்கள். உத்திரத்தின் சத்தம் தெரிந்த காதுக்கும் அன்றைக்கு அந்த ஆசையின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டிருக்கிறது.

இரண்டு மணிக்குக் கச்சேரி ஆரம்பம். முன்னூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஒரு கோடியில். நடு உத்திரம் சரியாகக் கூட்டத்தின் தலைக்கு மேலே. பாகவதர் பாடியதைப் பற்றி நான் சொல்லத் தகுதியில்லை, காப்பியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தனி வந்தது. மிருதங்கக்காரர் பிரமாதமாக ஆரம்பித்தார். நான் டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. என்ன விஷயம் என்று வாசலில் போய் எட்டிப் பார்த்தேன்.

மிருதங்கம் நிறுத்த, பானை அண்ணன் பதில் சொல்கிறார். அந்தப் பத்து விரல்களும் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. மண் பானைக்குள்ளிருந்து மழை வந்தது, குதிரை வந்தது, கணீர் கணீரென்று மணி வந்தது. பாகவதரே வாய் விட்டு "ஆகா!" என்றார். முன்னூறு பேரும் மூச்சுவிடாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, ஒன்றையும் விடாமல் பார்த்தார். ராவுத்தர்கூட வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அப்போது அண்ணன் நிமிர்ந்து மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில், நடு உத்திரத்திலிருந்து மாவு மாதிரி மெல்லிசாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய வாசிப்பு மாறியது. 'தகதிமி தகதிமி' என்று சின்னப் பிள்ளை முதல் நாள் படிக்கிற பாடத்தை எடுத்தார். மறுபடியும் தகதிமி. மறுபடியும் அதே தகதிமி. ஏற்றமில்லை, இறக்கமில்லை, வேகமில்லை. முதலில் ஜனங்கள் ஏதோ பெரிய சங்கதிக்கு அஸ்திவாரம் போடுகிறார் என்று காத்திருந்தார்கள். மிருதங்கக்காரர் தன் முறை வந்ததென்று கையைத் தூக்கினார். அண்ணன் இடம் கொடுக்கவில்லை. தகதிமி தகதிமி. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அது அப்படியே முன்வரிசைவரை வந்தது. ஒருவர் துண்டை உதறினார்.

"என்னய்யா இது, தண்ணி எறைக்கிறானா? வாங்க, கோப்பி குடிச்சிட்டு வரலாம்."

இரண்டு பேர் எழுந்தார்கள். பிறகு நாலு பேர். பிறகு பத்துப் பேர். யாரும் ஓடவில்லை, யாரும் இடிக்கவில்லை. பேசிக்கொண்டு, இடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, அந்தச் சின்ன வாசல் வழியாக இரண்டிரண்டு பேராக முற்றத்துக்கு வந்தார்கள். அண்ணன் அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். பாகவதர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, வெந்நீர் வேண்டும் என்று எழுந்து போனார். மிருதங்கக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். பிடில்காரர் அவர் பின்னால் போனார்.

மிச்சம் காரியதரிசி. நாற்காலியில், உத்திரத்துக்கு நேர் கீழே, கோபத்தில் சிவந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் நடத்துகிறவர் எழுந்து போகலாமா? அண்ணன் கை நிற்காமல் என்னைப் பார்த்துக் கண்ணால் அவரைக் காட்டினார். எனக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. போய்க் காரியதரிசியின் காதில் சொன்னேன்:

"ஐயா, காப்பி தீர்ந்துபோச்சு. பாகவதருக்கே இல்லை."

அந்த உடம்பு அவ்வளவு வேகமாக எழுந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

இனி அண்ணன் நிறுத்திவிட்டு வரவேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நிறுத்த முடியாது. சத்தம் நின்றால் தனி முடிந்தது என்று முன்னூறு பேரும் திரும்பி உள்ளே வந்துவிடுவார்களே! ஆகவே மனிதர் கடத்தை இடது கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் தகதிமி தகதிமி என்று தட்டிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி, காலியான பாய்கள்மேல் அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். உத்திரத்தின் கீழே வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தகதிமி மட்டும் கிட்டத்தில் வந்துகொண்டே இருந்தது. வாசற்படியைத் தாண்டினார். முற்றத்தில் இருந்தவர்கள் காப்பியும் கையுமாக, பானையோடு முற்றத்துக்கே வந்துவிட்டாரே என்று பார்த்தார்கள்.

மடமடவென்று ஒரு சத்தம். நடு உத்திரம் முறிந்து, மாடித் தளம் பிளந்து, அத்தனை மூட்டையும் கீழே வந்தது. பாயும் தெரியவில்லை, காரியதரிசியின் நாற்காலியும் தெரியவில்லை. கிழிந்த மூட்டைகளிலிருந்து அரிசி மட்டும் கொஞ்ச நேரம் சலசலவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. முற்றத்தில் ஒருவர் கையிலிருந்த டம்ளர்கூட அசையவில்லை.

அந்த அமைதியில் அண்ணன் தீர்மானம் என்கிற முடிவுச் சொற்கட்டை மூன்று தடவை அழகாக வாசித்துத் தனியை முடித்தார். ஆரம்பித்ததை முடிக்காமல் விடக்கூடாதாம். நான் மட்டும்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரே அழுகை, கட்டிப்பிடிப்பு, சாமி கும்பிடு. பாகவதர்தான் முதலில் பேசினார்: "அந்தக் கடக்காரன் மட்டும் ஒழுங்கா வாசிச்சிருந்தா நாம எல்லாரும் போயிருப்போம்!" இதுவே ஊரின் தீர்ப்பாக நிலைத்தது. பினாங்கிலேயே மோசமான தனி முன்னூறு உயிரைக் காப்பாற்றியது என்று கடலுக்கு அக்கரையில் ஜூருவரைக்கும் பேசினார்கள். முதலில் வாசித்த அந்த இரண்டு நிமிஷம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. உத்திரத்தைப் பற்றிச் சொன்னது சரிதான் என்று காரியதரிசி ஒப்புக்கொண்டார். அன்றைக்கே வீட்டு ஊஞ்சலைக் கழற்றிவிட்டார். "தட்டிப் பாக்கிறதுல மன்னன்யா. வாசிக்க மட்டும் வரல, பாவம்" என்பார். சபை மேடையில் அண்ணனை மறுபடி யாரும் ஏற்றவில்லை. ஆனால் அவர் கைகாட்டிய உத்திரங்களை எல்லாம் ஊரே ஓடி ஓடி மாற்றியது.

எனக்குப் பொறுக்கவில்லை. அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, உத்திரம் விழுதுன்னு கத்தியிருக்கலாமே?"

"கத்தினா? காலையில சொன்னதுக்கே சிரிச்சாங்க. நம்பியிருந்தா இன்னும் மோசம். ஒரே வாசல் தம்பி. முன்னூறு பேரு ஒண்ணா எழுந்து ஓடினா, உத்திரம் கொல்றதுக்கு முன்ன ஒருத்தர ஒருத்தர் மிதிச்சே கொன்னுருப்பாங்க. காப்பிக்குப் போற மாதிரி போகணும். அதுக்குத்தான் நம்ம ஜனங்க இருபது வருசமாப் பழகியிருக்காங்களே."

"அதுக்காக இப்படியா?"

"தப்பா வாசிச்சா சிரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கோவம் வர்ற மாதிரி வாசிச்சா சண்டைக்கு வருவாங்க. கொட்டாவி வர்ற மாதிரி வாசிக்கணும். ரொம்பக் கஷ்டம் லா. கை பாட்டுக்கு நல்லா வாசிக்கப் போயிரும், இழுத்து இழுத்துப் பிடிக்கணும்."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"சொல்லாத. சொன்னா, அப்புறம் யாரு தனி வாசிச்சாலும் ஜனங்க மோட்டுவளையையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பாவம், தாளக்காரன்."

துணியை எடுத்துக் கடத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு நிமிசம் மொகத்தப் பாத்து வாசிச்சேன் தம்பி. முன்னூறு மொகம். போதும் லா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணைத் துடைக்கத்தான் குனிந்தேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு டொக், டொக் என்று தட்டினார்.

"ம். கொஞ்சம் சத்தம் மாறியிருக்கு."

அவர் சொல்லாதே என்றதை இத்தனை வருஷம் கழித்து இப்போது சொல்லிவிட்டேன். எனக்கு வயதாகிவிட்டது, அவர்மேல் பிரியமும் தாங்கவில்லை. இப்போதும் கச்சேரிக்குப் போகிறேன். தனி ஆரம்பித்ததும் என் வரிசை முழுவதும் காப்பிக்கு எழுந்து போகிறது. நான் ஒரே ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்வேன். பிறகு காலியான நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாசிக்கிறவருக்கு என் முகம் நன்றாகத் தெரியும்படி நிமிர்த்தி வைத்துக்கொள்வேன்.